றிசேவிஸ்ட் எண்டா ஆர்? தொண்டர் இல்லை, சேமப்படையாள்

போன கிழமை லண்டனில இருந்து மச்சான் கோல் எடுத்து, பெடியன் ஆமி றிசேவில சேர்ந்திட்டான் எண்டு சொன்னார். இஞ்ச கிளிநொச்சியில பக்கத்தில இருந்து கேட்ட அம்மம்மா முதல் கேட்டது "அப்ப பாத்த வேலையை விட்டிட்டானோ?" எண்டுதான். இல்லையணை, வேலையும் இருக்கு அதுவும் இருக்கு, இடைக்கிடை பயிற்சிக்குப் போவான், தேவையெண்டாத்தான் ஆமி கூப்பிடும் எண்டு விளங்கப்படுத்த வெளிக்கிட்டு என்ர வாயில வந்த சொல் "தொண்டர் படை". அது பிழையான சொல்.

றிசேவ் எண்டது லத்தீன். 'றே' எண்டா பின்னுக்கு, 'செர்வாரே' எண்டா காத்து வைக்கிறது, பிரெஞ்சுக்குள்ளால இங்கிலிசுக்கு வந்தது. எங்களுக்குப் புதுச்சொல் இல்லை, பழைய மோட்டார் சைக்கிள் ஏ9 றோட்டில இழுத்திழுத்து நிக்கேக்க கையைக் கீழ விட்டு பெற்றோல் டாப்பைத் திருப்பி றிசேவில விடுறமெல்லோ, அதேதான். இன்னும் கிட்டச் சொன்னா விதைநெல். காலபோகத்துக்கெண்டு வீட்டு மூலையில பலகைக்கு மேல சாக்கைக் கட்டி வைச்சிருப்பம், என்ன கஸ்ரம் வந்தாலும் அதில கை வைக்கமாட்டம், மழை விழுந்தாத்தான் அவிழ்க்கிறது.

சரி, இவையை வொலன்டியர் எண்டும் சொல்லுறதெல்லோ, அதுக்கு என்ன சொல்? அகராதியில தொண்டர் எண்டு கிடக்கு, இலங்கையில 1881இல தொடங்கின படைக்கும் தமிழில தொண்டர் படை எண்டுதான் பேர். ஆனா வன்னியில தொண்டர் எண்டா எங்களுக்கு ஞாபகம் வாறது தொண்டர் ஆசிரியர்தான், சம்பளம் இல்லாமலோ சின்னக் கொடுப்பனவுக்கோ வருசக்கணக்காப் படிப்பிச்சு நிரந்தர நியமனத்துக்குக் காத்திருந்த பிள்ளையள். அந்தச் சொல்லை இதுக்குப் போட்டா சும்மா வேலை செய்யிறவன் எண்டுதான் சனம் நினைக்கும். படை விசயத்தில வொலன்டியர் எண்டா காசு வாங்காதவன் இல்லை, கட்டாயப்படுத்தாமல் தன்ர விருப்பத்தில வந்தவன்.

பிரிட்டனில றிசேவிஸ்ட்டுகளுக்குப் பயிற்சி நாளுக்குச் சம்பளம், வருசப் பயிற்சியை முடிச்சா வரியில்லாத ஒரு தொகையும் கிடைக்கும். கூப்பிட்டுச் சேவைக்குப் போனவர் திரும்பி வந்தா பழைய வேலையைக் குடுக்கவேணும் எண்டு 1985இல சட்டமே போட்டிருக்கினம். வேலை குடுக்கிற கொம்பனிகளுக்கும் வெண்கலம், வெள்ளி, தங்கம் எண்டு அரசாங்கம் விருது குடுக்குது, தங்கம் வேணுமெண்டா பயிற்சிக்குப் போற ஆளுக்குக் குறைஞ்சது 10 நாள் சம்பளத்தோட மேலதிக லீவு குடுக்கோணும். 10 வருசச் சேவைக்கு மெடல் இருக்கு, ஜூன் மாசத்தில ஒரு புதன்கிழமை அவைக்கெண்டே ஒதுக்கின நாள், அண்டைக்கு வேலைக்கும் யூனிபோமோட போவினம்.

தமிழில என்ன சொல்லலாம்? சிலபேர் 'ஒதுக்கப் படை' எண்டு எழுதுகினம். ஒதுக்கக்காடு எண்டா சரி, ஆனா ஆளை ஒதுக்கிறது எண்டா எங்கட ஊரில சேர்க்காமல் விடுறது, ஒரு மனிசனுக்கு அந்தச் சொல் வேண்டாம். 'துணைப்படை'யும் பொருந்தாது, பழைய உரைகளில அது நட்பரசன் அனுப்புற படை. சேமப்படை நல்லாப் பொருந்துது. சேமம் வடமொழி க்ஷேமத்தில இருந்து வந்ததுதான், ஆனா சேமிக்கிறது எண்டு எங்கட வாயில எப்பவோ ஊறின சொல், காத்து வைக்கிறது எண்ட கருத்தும் அப்பிடியே இருக்கு. படைக்குச் சேமப்படை, ஆளுக்குச் சேமப்படையாள், வொலன்டியரையும் சேர்த்துச் சொல்லவேணுமெண்டா விருப்பச் சேமப்படையாள்.

பின்னேரம் அம்மம்மாவிட்ட திரும்பவும் சொன்னன், விதைநெல் மாதிரி எடுத்து வைச்சிருக்கினம் அம்மம்மா, தேவையெண்டாத்தான் கூப்பிடுவினம் எண்டு. கொஞ்சநேரம் பேசாமல் இருந்திட்டு, "கூப்பிடாமல் இருக்கட்டும்" எண்டா.