அம்மன் கோயில் நீலப்பூ ஏன் சிவந்தது?

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள ரிங்லெட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் வசிக்கும் தேயிலைத் தோட்டத்து அம்மன் கோயிலின் முன்னால் ஹைட்ரேஞ்சியா செடிகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாமே ஒரே தாய்ச்செடியில் ஒடித்து நட்டவை. நட்ட நாளிலிருந்து நீலமாகவே பூத்தவை. சென்ற ஆண்டு கோயிலைச் சுற்றிச் சிமெண்டுச் சுவர் எழுப்பினார்கள். இப்போது சுவரோரச் செடிகள் மட்டும் இளஞ்சிவப்பாகப் பூக்கின்றன. பத்தடி தள்ளித் தேயிலையை ஒட்டி நிற்பவை பழைய நீலத்திலேயே இருக்கின்றன. அம்மனுக்குச் சிவப்புதானே உகந்தது, அவளே மாற்றிக்கொண்டாள் என்கிறது ஒரு கட்சி. நல்ல நேரம் பார்க்காமல் அஸ்திவாரம் தோண்டியதற்குக் குறி காட்டுகிறாள் என்கிறது இன்னொரு கட்சி. "இரண்டு பேருமே என்னைப் பொங்கல் வைக்கச் சொல்கிறார்கள். எதற்காக வைப்பது என்று தெரிந்தால் நல்லது" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

பொங்கலைத் தாராளமாக வையுங்கள், சகோதரி. அடுப்புச் சாம்பலை மட்டும் செடியடியில் கொட்டிவிடாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது. நிறத்தை மாற்றியது காலடியில் கிடக்கும் களிமண்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் பஸ்ஸில் போனவர்கள், மலையை வெட்டிய இடங்களில் மண்ணின் அடுக்குகளைப் பார்த்திருப்பார்கள். மேலே காட்டின் கறுத்த இலைமக்கு. குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகவே வேலை செய்வதால், உயரே போகப்போக இந்த அடுக்கு தடிக்கும். பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டில் கால் வைத்தால் மெத்தைபோல் அமுங்கும். அதன் கீழே மஞ்சள் கலந்த பழுப்புக் களி. இன்னும் கீழே, வெள்ளைப் புள்ளிகள் தெறித்த ஒன்று. பார்த்தால் பாறை, தொட்டால் உதிரும். அது அழுகிய கிரானைட். தித்திவங்சா மலைத்தொடரின் முதுகெலும்பே ஏறத்தாழ 20 கோடி ஆண்டு பழமையான கிரானைட்தான்.

அந்த வெள்ளைப் புள்ளிகள் ஒருகாலத்தில் பெல்ஸ்பார் என்ற கனிமமாக இருந்தவை. கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இலைமக்கின் வழியே இறங்கும் நீர் புளிப்பேறி, பெல்ஸ்பாரிலிருந்து பொட்டாசியத்தையும் சிலிக்காவில் ஒரு பகுதியையும் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. கரைய மறுத்து நிற்கும் மிச்சம் கயோலினைட் என்ற களி. சீனர்கள் பீங்கான் செய்த அதே களிதான். பெயரும் சீனாவில் அது தோண்டப்பட்ட காவ்லிங் என்ற இடத்திலிருந்து வந்தது. மஞ்சள் நிறம் இரும்பின் உபயம். சமவெளி வெப்பத்தில் ஹெமடைட் என்று சிவக்கும் துரு, மலையின் குளிரிலும் ஈரத்திலும் பெரும்பாலும் கோதைட் என்ற மஞ்சள் துருவாக நிற்கிறது.

களிமண் என்றதும் தமிழ்நாட்டுக் கரிசலை நினைக்க வேண்டாம். கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். கயோலினைட்டின் ஏடுகள் ஒன்றோடொன்று இறுகப் பிடித்திருப்பதால் இடையில் நீர் புகாது, ஊதவும் ஊதாது. போதாததற்கு இரும்புத் துருவும் இலைமக்கும் பசையாகி, துகள்களைச் சிறு சிறு மணிகளாக உருட்டி வைத்திருக்கின்றன. அதனால் காட்டு மண்ணில் பெய்யும் மழை களியின் மேல் தேங்காமல் மணலில் இறங்குவதுபோல் இறங்கிவிடும். காட்டை வெட்டி மழையை நேராக மண்ணில் விழவிட்டால் அந்த மணிகள் உடைகின்றன. பிறகு என்ன ஆகும் என்பதை ரிங்லெட் ஏரியின் பழுப்பு நீரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

கயோலினைட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அலுமினியம். ஆம், சோற்றுப்பானையின் அலுமினியம்தான். கோயில் வாசலில் ஒரு கூடை களியை அள்ளினால் அதில் கிலோக்கணக்கில் அலுமினியம் இருக்கும். ஆனால் செடிக்கு அது எட்டாது. சிலிக்காவோடும் ஆக்ஸிஜனோடும் பூட்டிக் கிடக்கிறது. பூட்டைத் திறக்கும் சாவி புளிப்பு. தமிழ்ப்பள்ளியில் காடி என்று படித்தோமே, அதுதான். காடித்தன்மையை பிஹெச் என்ற அளவால் குறிக்கிறோம்: 7 நடுமை, அதற்குக் கீழே போகப்போகப் புளிப்பு. மண்ணில் ஹைட்ராக்சைடாக ஒட்டிக் கிடக்கும் ஓர் அலுமினிய அணுவை முழுதாக விடுவிக்க, புளிப்பைத் தரும் ஹைட்ரஜன் அயனிகள் மூன்று வேண்டும். மூன்றும் சேர்ந்து வந்தால்தான் பூட்டு திறக்கும். இதன் விளைவு எளிய பெருக்கல் கணக்குதான், ஆனாலும் ஒவ்வொரு முறை போடும்போதும் எனக்கு வியப்பு குறைவதில்லை. பிஹெச் ஓர் அலகு இறங்கினால் ஹைட்ரஜன் அயனி 10 மடங்கு கூடுகிறது. மூன்று சாவி என்பதால் அலுமினிய அயனி 10 மடங்கு கூடாது. 10 பெருக்கல் 10 பெருக்கல் 10, அதாவது 1,000 மடங்கு கூடும். இரண்டு அலகு இறங்கினால் 10 லட்சம் மடங்கு!

கேமரன் மலைக் காட்டு மண்ணின் பிஹெச் பொதுவாக 4-க்கும் 5-க்கும் இடையில் நிற்கிறது. அங்கே பூட்டு திறந்தே கிடக்கிறது. இந்த விடுதலை பெற்ற அலுமினியம் பெரும்பாலான பயிர்களுக்கு நஞ்சு. வேர் நுனியைக் கருக்கி மொட்டையாக்கிவிடும். ஹைட்ரேஞ்சியா அதற்கு அஞ்சுவதில்லை. எலுமிச்சையின் புளிப்பான சிட்ரிக் அமிலத்தை அலுமினியத்துக்குக் காவலாகச் சேர்த்து, பாதுகாப்பாகத் தண்டு வழியே மேலே அனுப்பிவிடுகிறது. பூவில் நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் புல்லிதழ். அங்கே டெல்ஃபினிடின் என்ற நிறமி காத்திருக்கிறது. கத்தரிக்காய்த் தோலின் ஊதாவுக்கும் இதே நிறமியின் உறவினர்தான் பொறுப்பு. டெல்ஃபினிடின் தனியாக இருந்தால் சிவப்பு. அதன் ஓரத்தில் அடுத்தடுத்து நீட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ராக்சில் கைகளை அலுமினியம் பற்றிக்கொண்டால், நிறமி விழுங்கும் ஒளி மாறுகிறது. நம் கண்ணுக்கு நீலம் தெரிகிறது. அலுமினியம் வராத பூ சிவப்பாகவே நின்றுவிடுகிறது. நிறமியே இல்லாத வெள்ளை ரகத்தை எந்த மண்ணில் நட்டாலும் நீலமாக்க முடியாது.

லிட்மஸ் தாளை நினைத்துப் பாருங்கள்: காடியில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். ஹைட்ரேஞ்சியா நேர்மாறு. நாசி கெராபு சோற்றுக்கு நீலம் தரும் சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் செவ்வூதாவாவதையும் பார்த்திருப்பீர்கள். அங்கே புளிப்பு நிறமியை நேரடியாகத் தொடுகிறது. ஹைட்ரேஞ்சியாவில் புளிப்பின் முக்கிய வேலை மண்ணோடு முடிந்துவிடுகிறது. பூ வரைக்கும் போவது அலுமினியம்.

சுவர் செய்த காரியம் இப்போது விளங்கியிருக்கும். புதுச் சிமெண்டிலிருந்து மழைநீரில் கசிவது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது சுண்ணாம்பு. கொத்தனார் அடித்தளத்தோரம் தட்டிவிட்ட கலவையும் அங்கேயே புதைந்திருக்கும். மண்ணின் புளிப்பு முறிகிறது, பூட்டு விழுகிறது, அலுமினியம் உள்ளே அகப்படுகிறது. விறகுச் சாம்பலும் காரம் என்பதால்தான் அதைச் செடியடியில் கொட்டாதீர்கள் என்றேன்.

தேயிலைக்கும் இந்த மண்தான் தோது. புளிப்பு மண் அதற்கு வேண்டும். அலுமினியத்தை வெறுக்காமல் வாங்கி முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைக்கிறது. அந்த இலைகளின் உலர் எடையில் 1 சதவிகிதத்துக்கு மேல்கூட அலுமினியம் இருப்பதுண்டு. நாம் குடிப்பது கொழுந்து என்பதால் நம் கோப்பைக்கு வருவது மிகக் குறைவு. 1929-இல் போ (BOH) தேயிலைத் தோட்டம் தொடங்கியதிலிருந்து இந்தச் சரிவுகளில் தேயிலை நிலைத்து நிற்பதற்குக் குளிரோடு களிக்கும் பங்குண்டு. அதே சரிவில் காய்கறி போடுகிறவர்களோ சுண்ணாம்பு வாங்கியே களைத்துப்போகிறார்கள். போடும் பாஸ்பேட் உரத்தையும் இரும்பும் அலுமினியமும் பாதிக்குப் பாதி பிடித்து வைத்துக்கொள்கின்றன என்பது அவர்களுடைய புலம்பல். அதில் நியாயம் இருக்கிறது.

என் புலம்பல் வேறு. வானத்திலிருந்து மண்ணைப் படம் பிடிக்க நிதி எளிதாகக் கிடைக்கிறது. ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி இறங்கி, அடுக்கு அடுக்காக மண்ணைக் கசக்கிப் பார்க்கிறேன் என்றால் யாரும் மதிப்பதில்லை. மேலிருந்து பார்த்தால் பச்சைதான் தெரியும். பூட்டும் சாவியும் குழிக்குள் இருக்கின்றன.

சகோதரி, என் பேச்சை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். சுவரோர மண்ணில் ஒரு கரண்டி, தேயிலையோர மண்ணில் ஒரு கரண்டி, இரண்டு கோப்பைகளில் காய்ச்சி வடித்த நீர் விட்டுக் கலக்குங்கள். தெளிந்ததும் பிஹெச் தாளை நனைத்தால் வித்தியாசம் தெரியும். நீலம் திரும்ப வேண்டுமென்றால் மளிகைக் கடையில் படிக்காரம் வாங்குங்கள். அது அலுமினிய உப்பு, புளிப்பும் கூட. ஒரு வாளி நீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்து, ஈரமாக இருக்கும் மண்ணில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் போதும்; மிஞ்சினால் வேர் கருகும். திருஷ்டிக்கு வாசலில் கட்டுவதும் படிக்காரம்தான் என்பதால், குறி பார்த்த கட்சிக்காரர்கள் இதற்கு மறுப்புச் சொல்லப்போவதில்லை. எல்லாச் செடிக்கும் ஊற்றிவிடாதீர்கள். ஒன்றை அப்படியே விட்டுவையுங்கள். ஒப்பிடவும் உதவும், அம்மன் கட்சிக்கும் ஒரு சிவப்புப் பூ மிஞ்சும். ஏற்கெனவே விரிந்த கொத்துகள் மாறமாட்டா. அடுத்த பூப்பில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.