பயங்கரவாதம்: சொல்லும் பொருளும்

'டெரரிசம்' (terrorism) என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதலாம் என்று பார்ப்போம். கேரள எல்லையை ஒட்டிய எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்து வீடுகளில் தமிழ்ச் செய்தியும் ஓடும், மலையாளச் செய்தியும் ஓடும். அங்கே 'பீகரவாதம்', இங்கே 'பயங்கரவாதம்'. இரண்டும் வடமொழியில் அச்சத்தைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பயங்கரம் என்றால் அச்சம் உண்டாக்குவது, வாதம் என்றால் கொள்கை. ஆக, மக்களை அஞ்சவைத்து அரசியல் காரியம் சாதிக்கும் வழிமுறை என்பதே சொல்லின் நேர்ப்பொருள்.

தீவிரவாதம் வேறு. அது ஒரு நிலைப்பாட்டின் கடுமையைச் சொல்வது. பள்ளிப் புத்தகங்களில் திலகரும் வ.உ.சி.யும் காங்கிரசின் தீவிரவாதிகள் என்றுதான் படித்தோம். நாளிதழ்கள் இந்த இரண்டையும் கலந்து எழுதுவது பெரிய தவறு. கடுமையான கருத்து உள்ளவரையும் குண்டு வைப்பவரையும் ஒரே சொல்லில் கட்டிவிடுகிறது.

இனி மூலச்சொல்லுக்கு வருவோம். 'டெரரிசம்' பிரெஞ்சுப் புரட்சியில் பிறந்தது. 1793, 94இல் புரட்சித் தலைவர் ரோபஸ்பியரின் ஆட்சி எதிரிகளைத் தலைவெட்டும் எந்திரமான கில்லட்டினுக்கு அனுப்பியது. அச்சத்தை ஆட்சிமுறையாகவே வெளிப்படையாக ஆதரித்துப் பேசினார் அவர். அவர் வீழ்ந்த பிறகு எதிரிகள் அந்த ஆட்சிக்காரர்களை 'டெரரிஸ்ட்' என்றார்கள். 1798இல் பிரெஞ்சு அகராதி தந்த பொருளும் அச்சத்தின் ஆட்சி என்பதுதான். அதாவது இந்தச் சொல் முதலில் சுட்டியது அரசை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யப் புரட்சிக் குழுக்கள் ஜார் மன்னனைக் குறிவைத்த காலத்தில்தான் அது அரசை எதிர்ப்பவர் பக்கம் திரும்பியது. இன்று அந்தப் பக்கத்திலேயே நிலைத்துவிட்டது.

எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட ஒரே வரையறை இன்றுவரை இல்லை. 1996இல் ஐ.நா. இதற்கென்று ஒரு குழு அமைத்தும் முழுமையான உடன்படிக்கை முடியவில்லை. இந்தியாவில் தடா, பொடா என்ற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள் போய் இப்போது உபா (UAPA) எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, வழக்கு விசாரணை முடியும் முன்பே ஒரு தனி மனிதரைப் பயங்கரவாதி என்று மத்திய அரசு அறிவிக்கலாம். பயங்கரவாதம் என்ற கருத்தை விமர்சன நோக்கில் ஆய்வு செய்பவர்கள் கேட்பது இதைத்தான்: பெயர் சூட்டும் அதிகாரம் யார் கையில்? செய்த செயலைப் பார்த்துச் சூட்டுகிறார்களா, செய்த ஆளைப் பார்த்தா?

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியிலிருந்த காவல் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். அது பயங்கரவாதம் என்றே பதிவானது; அதில் எனக்கு மறுப்பு இல்லை. 1982இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவ மோதலுக்குப் பெயர் 'கலவரம்'. 1954 ஆகஸ்ட் 11இல், தமிழ்நாட்டோடு இணையக் கேட்டுப் போராடியவர்களைத் திருவிதாங்கூர்-கொச்சி போலீசார் சுட்டது 'துப்பாக்கிச் சூடு'. ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோசலிஸ்ட் கட்சி. சொந்தக் கட்சி ஆட்சி என்றும் பாராமல் பதவி விலகு என்று சொன்னவர் அக்கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா. கூட்டத்தைக் கலைக்கச் சுட்டார்களா, மற்றவர்கள் அஞ்சி அடங்கட்டும் என்று சுட்டார்களா? இந்தக் கேள்வியை யாரும் எழுப்பவே முடியாதபடி சொல்லை ஒரு பக்கம் சாய்த்து வைத்திருக்கிறோம். அதுதான் என் வருத்தம்.

சரி, நல்ல தமிழ்ச் சொல்? தேடவே வேண்டாம், குறளில் இருக்கிறது. 57ஆம் அதிகாரத்தின் பெயர் 'வெருவந்த செய்யாமை'. வெரு என்றால் அச்சம். குடிகள் நடுங்கும்படியானவற்றைச் செய்யாதிருத்தல் என்பது அதன் பொருள். அது யாருக்குச் சொன்னது என்றால், அரசனுக்கு. 'வெருவந்த செய்தொழுகும் வெங்கோலன்' விரைவில் கெடுவான் என்கிறது 563ஆம் குறள். இந்த வேரிலிருந்து வந்ததுதான் 'வெருட்டு', அச்சுறுத்து என்று பொருள். ஈழத்தில் இன்றும் அன்றாடப் பேச்சில் இருக்கிறது. நம் பக்கத்தில் 'விரட்டிப் பாக்கான்' என்றால் மிரட்டிப் பார்க்கிறான்.

அதனால் 'வெருட்டு வன்முறை' என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. குழு செய்தால் குழுவின் வெருட்டு வன்முறை, அரசு செய்தால் அரச வெருட்டு வன்முறை. சட்டப் பிரிவைச் சொல்லும்போது மட்டும் பயங்கரவாதம் என்பதை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது சட்டத்தின் கலைச்சொல். அப்புறம், தீவிரவாதத்தை இதற்கு மாற்றாக எங்கும் எழுத வேண்டாம்.