இடர்நேர்வு: 'ரிஸ்க்' என்பதற்கு ஏற்ற தமிழ்

'ரிஸ்க்' என்ற சொல்லை நாம் பணத்தோடும் பந்தயத்தோடும் சேர்த்தே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் அது கடலில் பிறந்த சொல். 12ஆம் நூற்றாண்டில் ஜெனோவா துறைமுக வணிகர்கள் எழுதிக்கொண்ட கப்பல் ஒப்பந்தங்களில் 'ரெசிகும்' என்ற லத்தீன் சொல் வருகிறது. சரக்கு கடலோடு போனால் நட்டம் யாருக்கு என்று சொல்வதற்காக எழுதிய சொல் அது. பிறகு இத்தாலிய மொழிக்கும் பிரெஞ்சுக்கும் வந்து, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் ஏறியது. அதற்கு முந்திய வேர் எது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. கப்பலைக் கிழிக்கும் பாறை என்பார்கள் சிலர். இறைவன் அளக்கும் வாழ்வாதாரத்தைக் குறிக்கும் 'ரிஸ்க்' என்ற அரபுச் சொல்தான் என்பார்கள் வேறு சிலர்.

தமிழில் இதற்குப் பெரும்பாலும் 'இடர்' என்று எழுதுகிறோம். துன்பம் என்று பொருள்படும் பழைய சொல். பொய்கையாழ்வார் 'இடராழி' என்று துன்பத்தையே கடலாக்கிப் பாடியிருக்கிறார். நல்ல சொல்தான், சரி. ஆனால் பாடநூலில் புயலும் இடர், நிலநடுக்கமும் இடர். வங்கிப் படிவத்தில் பணம் போய்விடும் வாய்ப்பும் இடர். பேச்சில் இது உறுத்தாது. கடலோரத்துக்குத் திட்டம் எழுதும்போது பெரிய குழப்பமாகிவிடும்.

ஒரே புயல், ஒரே உயர அலை என்று வைத்துக்கொள்வோம். மணல்மேட்டுக்குப் பின்னால் உள்ள வீட்டில் முற்றம் மட்டும் நனைகிறது. மேட்டை வெட்டிச் சமன் செய்த இடத்தில் கட்டிய வீட்டிலோ, எழுந்து நடக்க முடியாத ஒரு பாட்டியின் கட்டில் வரை தண்ணீர் வந்துவிடுகிறது. கிணற்றில் உப்பு ஏறிவிடுகிறது. அலை இரண்டு வீட்டுக்கும் பொது. ஐபிசிசி எனப்படும் பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் 2014 அறிக்கை இதைத்தான் மூன்றாகப் பிரித்துச் சொன்னது: வரும் தீங்கு, அதன் வழியில் யார், எது இருக்கிறது என்பது, அதைத் தாங்க முடியாத நலிவு. மூன்றும் கூடும் இடத்தில்தான் ரிஸ்க்.

அதனால் புயல், கடலரிப்பு போன்றவற்றை 'இடர்' என்போம். ரிஸ்க்குக்கு 'இடர்நேர்வு' என்ற சொல் இருக்கிறது, இலங்கைத் தமிழில் நன்றாகவே புழங்குகிறது. எனக்கு அதுவே பிடிக்கும். அலையை நம்மால் குறைக்க முடியாது. மேட்டை வெட்டாமல் விட முடியும், பாட்டியை முன்கூட்டியே அழைத்துப்போக ஆள் வைக்க முடியும். தகவமைப்பு என்பது இந்த வேலைதான்.

அப்புறம், 'நேர்வு' என்ற பாதியையும் கவனிக்க வேண்டும். 'நூறாண்டு வெள்ளம்' என்றதும் இன்னும் நூறு ஆண்டுக்கு வராது என்று நினைத்துவிடுகிறோம். எந்த ஆண்டிலும் அது வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு என்பதே பொருள். 30 ஆண்டு ஒரே வீட்டில் இருந்தால் அந்த வாய்ப்பு 26 சதவீதம். அதுவும் கடல்மட்டம் மாறாமல் இருந்தால்தான். 1901 முதல் 2018 வரை அது சுமார் 20 சென்டிமீட்டர் ஏறிவிட்டது. நூற்றாண்டுக்கு ஒருமுறை வந்த உச்ச நீர்மட்டம், 2100 வாக்கில் உலகின் பாதிக்கும் மேற்பட்ட கடல்மட்ட அளவீட்டு நிலையங்களில் ஆண்டுதோறும் வரலாம் என்கிறது ஐபிசிசியின் 2021 அறிக்கை. அதனால் இடர்நேர்வு மதிப்பீடு என்று எழுதும்போது, அது எந்த ஆண்டுக்கான கணக்கு என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.