நிக்கலுக்குள் நுழைந்த இரும்பு

இரண்டு பென்சில் முனையும் ஒரு பேட்டரியும் வைத்துப் பள்ளியிலேயே தண்ணீரைப் பிரித்தோமே, பசுமை ஹைட்ரஜனுக்கு (காற்றாலை, சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுப்பது) மட்டும் எதற்கு இரிடியம் என்ற அரிய உலோகம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பென்சில் கரி ஆக்சிஜன் பக்கத்தில் தானும் அரிபட்டு, கார்பன் டை ஆக்சைடாகப் போய்க்கொண்டிருக்கும்.

தண்ணீரைப் பிரிக்கக் கணக்குப்படி 1.23 வோல்ட் போதும். நடைமுறையில் 1.8, 2 வரை போகிறது. குற்றவாளி பெரும்பாலும் ஆக்சிஜன் வெளிவரும் மின்முனைதான். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு பிறக்க நான்கு எலக்ட்ரான்கள் படிப்படியாகக் கழல வேண்டும். இரு முனைகளுக்கும் நடுவே அமிலச் சவ்வு வைத்த கருவியில் அந்த வோல்ட்டில் பெரும்பாலான உலோகங்கள் கரைந்துவிடும். இரிடியம் ஆக்சைடு தாக்குப்பிடிக்கும். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 7, 8 டன்தான் கிடைக்கிறது, அதுவும் பிளாட்டினச் சுரங்கத்தின் துணைப்பொருளாக.

சரி, அமிலத்தை விட்டுக் காரத்துக்குப் போனால்? பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நிக்கல் அரிபடாமல் நிற்கும், விலையும் குறைவு. எனக்குப் பிடித்த கதை இங்கேதான் வருகிறது. கரைசலில் கிடக்கக் கிடக்க நிக்கல் மின்முனை ஆக்சிஜனை வெளியிடுவதில் தேறிக்கொண்டே போகும். கரைசலில் அழுக்காக இருந்த துளி இரும்புதான் காரணம் என்று 1987-இல் காரிகன் என்ற ஆய்வாளர் காட்டினார். 2014-இல் ஓரிகான் பல்கலைக்கழகத்தில் போட்சர் என்பவரின் ஆய்வுக் குழு கரைசலிலிருந்து இரும்பைச் சுத்தமாக நீக்கிப் பார்த்தது. நிக்கல் மந்தமாகிவிட்டது, எத்தனை நேரம் ஊறியும் தேறவில்லை! நிக்கல் பேட்டரிக்காரர்களுக்கோ இதே இரும்பு விஷம்: சார்ஜ் ஏற்றும்போது ஆக்சிஜனைக் கிளப்பிவிடும். வேலையைச் செய்வது இரும்பு அணுவேதானா, இல்லை பக்கத்து நிக்கலை அது தூண்டிவிடுகிறதா என்று இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

சிக்கலும் அதே இரும்புதான். ஓடும்போது கரைந்து வெளியேறும். கரைசலில் கொஞ்சம் இரும்பு இருந்தால் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பல ஆண்டுகள் நிலையாக வைத்திருப்பதுதான் பாடு. ஆனால் ஆய்வு நிதி போவதோ, சில மணி நேரம் ஓட்டிவிட்டுச் சாதனை என்று அறிவிக்கப்படும் புதுப்புது வினையூக்கிகளுக்கு. ஒரே மின்முனையை ஆயிரக்கணக்கான மணி நேரம் சும்மா ஓட்டிக் கவனிப்பவருக்குப் பணம் கிடைப்பது அரிது. எனக்கு இது எரிச்சல்.

அப்புறம் காரத்துக்கேற்ற சவ்வு ஒன்று பாக்கி. ஹைட்ராக்சைடு அயனியை மட்டும் கடத்தி, சூடான காரத்தில் சிதையாமல் நிற்கும் சவ்வு அமைந்தால், இரிடியம் இல்லாமலே கச்சிதமான கருவி செய்யலாம். இப்போதைக்கு அந்தச் சவ்வின் ஆயுள்தான் குறைவு.