எடை மெஷினுக்குத் தெரியாத விஷயம்

2004ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் உடம்பையே உதாரணமாக வைத்து ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்கள். ஒருவர் புனேவைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) ஒன்றேதான், 22.3. ஆனால் ஸ்கேனில் கொழுப்பை அளந்து பார்த்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்மூரில் இப்படிப்பட்ட உடம்பு ரொம்ப சகஜம். கை கால் குச்சியாக இருக்கும், தொப்பை மட்டும் முன்னால் நிற்கும்.

இதைச் சர்க்கரை நோயோடு சேர்த்துத்தான் வழக்கமாகப் பேசுகிறோம். புற்றுநோயோடும் சேர்த்துப் பேச வேண்டும். 2016ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, அதிகக் கொழுப்போடு தொடர்புள்ளவை என்று 13 வகைப் புற்றுநோய்களைச் சொன்னது. பெருங்குடல், கல்லீரல், கணையம், சிறுநீரகம், கர்ப்பப்பை, மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றுநோய் எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆபத்து வரும் வழி ஒன்றல்ல.

முதலில் பெண்கள். கொழுப்பை வெறும் சேமிப்புக் கிடங்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது ஹார்மோனும் தயாரிக்கிறது. கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்ற நொதி இருக்கிறது, பெண் உடம்பிலும் கொஞ்சம் சுரக்கும் ஆண் ஹார்மோன்களை எடுத்து ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது அதன் வேலை. மாதவிடாய் இருக்கும் வயதில் சினைப்பைதான் ஈஸ்ட்ரோஜனைப் பெருமளவு தருகிறது, கூடவே அதை அடக்கி வைக்கும் புரோஜெஸ்டிரோனும் மாதாமாதம் வரும். மாதவிடாய் நின்றதும் சினைப்பை ஓய்ந்துவிடுகிறது, கொழுப்பு ஓய்வதில்லை. அது தொடர்ந்து ஈஸ்ட்ரோஜன் தந்துகொண்டே இருக்க, கர்ப்பப்பையின் உட்சுவர் தடுக்க ஆளில்லாமல் வளர்கிறது. பி.எம்.ஐ. 40ஐத் தாண்டிய பெண்களுக்கு இந்த உட்சுவர்ப் புற்றுநோய் ஆபத்து சுமார் 7 மடங்கு என்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். விநோதம் என்னவென்றால், மாதவிடாய் நிற்பதற்கு முன்னால் பருமனான பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் சற்றுக் குறைவாகவே வருகிறது, நின்ற பிறகு கணக்கு தலைகீழாகிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், "சூடு" என்று அம்மாவையோ அத்தையையோ வீட்டிலேயே உட்கார வைக்காதீர்கள். பெரும்பாலும் வேறு காரணமாக இருக்கும், ஆனாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோயாகவே இருந்தாலும், சீக்கிரம் பிடித்தால் நன்றாகக் குணமாக்கலாம்.

ஆண்களுக்கு, பெண்களைவிட, வயிற்றுக்குள், குடலைச் சுற்றிக் கொழுப்பு சேர்வது அதிகம். அங்கிருந்து கிளம்பும் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போய், இன்சுலின் சரியாக வேலை செய்யாதபடி ஆக்குகின்றன. உடம்பு அதை ஈடுகட்ட இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது. செல்களுக்கோ இன்சுலின் என்றால் "வளரு" என்ற கட்டளை, அது நாள் முழுக்க ஒலித்துக்கொண்டே இருப்பது நல்லதல்ல. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: அளவுக்கு மீறி உப்பிச் செத்துப்போன கொழுப்புச் செல்லைச் சுற்றி நோயெதிர்ப்புச் செல்கள் கிரீடம் வைத்தது போல வளைத்து நிற்கும், அழற்சி அணையாமல் புகைந்துகொண்டே இருக்கும். பி.எம்.ஐ. 5 புள்ளி ஏறினால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து ஆண்களுக்குச் சுமார் 24 சதவீதம் கூடுகிறது, பெண்களுக்கு 9 சதவீதம்தான். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் கொழுப்பு இடுப்பு, தொடையை விட்டு வயிற்றுப் பக்கம் நகர ஆரம்பிக்கிறது.

எடையைக் குறைத்தால் என்ன ஆகும்? ஸ்வீடனில் உடல் பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2009ல் முடிவு வெளியிட்டார்கள். பெண்களிடம் புற்றுநோய் 40 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது. ஆண்களிடம் வித்தியாசமே தெரியவில்லை. ஆய்வில் ஆண்கள் குறைவுதான், என்றாலும் இரண்டு உடம்புகளுக்கும் ஒரே கணக்கு போட முடியாது என்பதற்கு எனக்கு இது போதும்.

சரி, தசை? சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் ஒரு பெரிய பங்கைத் தசை இழுத்துக்கொள்கிறது. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் உதவி இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலும் சரி, ஜிம்மில் டம்பெல் தூக்கினாலும் சரி, அந்த நேரத்துக்குக் கணையத்துக்கு வேலை மிச்சம். அதற்காகத் தசையைப் புற்றுநோய்க்குக் கவசம் என்று சொல்லமாட்டேன். உயரமான, பெரிய உடம்புகளில் செல்களும் அதிகம், சில புற்றுநோய்கள் அவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே வருகின்றன.

புற்றுநோய் வந்த பிறகுதான் தசையின் அருமை பளிச்சென்று தெரிகிறது. வயிற்று சி.டி. ஸ்கேனில், இடுப்பு முதுகெலும்பின் மூன்றாவது எலும்பு மட்டத்தில் ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படத்தை எடுத்துத் தசையின் பரப்பை அளக்கிறார்கள், முழு உடம்பின் தசை அளவு அதிலிருந்தே ஓரளவு தெரிந்துவிடும். கீமோ மருந்தின் அளவை வழக்கமாக உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஆகவே ஒரே எடையுள்ள இரண்டு பேருக்கு ஒரே டோஸ் போகும், தசை குறைந்தவருக்குப் பக்கவிளைவு கடுமையாக அடிக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் எல்லோரும் "எடை குறையவில்லை" என்று நிம்மதியாக இருப்பார்கள், உள்ளே தசை கரைந்து அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்திருக்கும்.