எல்லாம் நார்மல் என்றால் எனக்கு ஏன் வலிக்கிறது?

அவர் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். மடியில் ஒரு துணிப்பை. அதில் நான்கு ஆண்டு ஸ்கேன் படங்களும் பரிசோதனை அறிக்கைகளும். "எல்லாம் நார்மல் என்கிறார்கள் டாக்டர். அப்படியென்றால் எனக்கு ஏன் வலிக்கிறது?"

மகளிர் மருத்துவராக இந்தக் கேள்வியைப் பல பெண்கள் கேட்கக் கேட்டிருக்கிறேன். எரிச்சல் என்று தொடங்குவார்கள். உறவின்போது பிளேடால் கீறுவதுபோல் இருக்கிறது என்று சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆகும். வலிக்கும் இடத்துக்கு "அங்கே" என்பதைத் தவிர வேறு சொல் வாயில் வராது. அதனால் படம் ஒன்றை நீட்டி, விரலால் காட்டச் சொல்கிறேன்.

அடிவயிற்றில் ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி நாள்பட்ட இடுப்புக்குழி வலி. தொற்று, தோல் நோய் போன்ற தெளிவான காரணம் இல்லாமல் யோனியின் வெளிப்புறத்தில் மூன்று மாதங்களாவது நீடித்தால் அது வல்வோடைனியா. பார்வைக்குத் தோல் இயல்பாகவே இருக்கும். ஈரப் பஞ்சுக் குச்சியால் யோனி வாசலை மெல்லத் தொட்டால் துடித்துப்போவார்கள். இந்தச் சோதனைக்கு இயந்திரம் எதுவும் வேண்டாம், பொறுமை போதும். இவருக்கோ ஒவ்வொரு முறையும் பூஞ்சைத் தொற்று என்று மாத்திரையும் களிம்பும் கொடுத்திருக்கிறார்கள். ஒருமுறைகூடக் கல்ச்சர் (மாதிரியில் கிருமி வளர்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கும் சோதனை) எடுத்துப் பார்க்கவில்லை. அந்த அறிக்கைகளைப் புரட்டும்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

அவரைப் பரிசோதித்த எங்கள் பிசியோதெரபிஸ்ட், இடுப்பின் அடித்தளத் தசைகள் கயிறுபோல் முறுக்கேறிக் கிடப்பதைக் கண்டார். வலிக்கும் என்ற பயத்தில் உடல் தானாக இறுக்கிக்கொள்கிறது. இறுக்கம் மேலும் வலியைத் தருகிறது. நாளடைவில் நரம்புகளும் மூளையும் சிறு தொடுதலையே பெரிய வலியாக உணரப் பழகிவிடுகின்றன. கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸை அறுவை சிகிச்சையில் அகற்றிய பிறகும் சிலருக்கு வலி தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம். (மேலோட்டமான எண்டோமெட்ரியோசிஸ் சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

வீடியோ பார்த்துக் கீகல் பயிற்சி (இந்த அடித்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்துவது) செய்யும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. அது தளர்ந்த தசைகளை வலுவாக்குவதற்கானது. ஏற்கெனவே இறுகிய தசையை மேலும் இறுக்கினால் வலி கூடலாம். இவர் முதல் சில வாரங்கள் செய்தது, வயிறு எழும்பும்படி மூச்சை இழுத்து, அடித்தளத்தைத் தளரவிடப் பழகியது மட்டுமே.

மனநல ஆலோசகரை நாங்கள் முதல் வாரத்திலேயே அறிமுகப்படுத்துகிறோம். எல்லா மருந்தும் தோற்ற பிறகு அனுப்பினால், "உன் வலி வெறும் பிரமை" என்றுதான் அந்தப் பெண்ணின் காதில் விழும். அமிட்ரிப்டிலின் எழுதும்போதும் அப்படித்தான். மனச்சோர்வு மருந்து என்று இணையத்தில் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். குறைந்த அளவில் அது நரம்பு வலியைத் தணிக்கக் கொடுக்கப்படுகிறது என்பதைச் சீட்டு எழுதுமுன் சொல்ல வேண்டும்.

ஒருவரை ஐந்து மருத்துவர்களிடம் அலையவிடுவது கூட்டுச் சிகிச்சை ஆகாது. சிறுநீர்ப்பையோ குடலோ சேர்ந்து தொல்லை தந்தால், அந்த மருத்துவர்களும் எங்களோடு அமர்ந்து அதே கோப்பைப் பார்க்க வேண்டும். மூன்றாம் சந்திப்புக்குக் கணவரும் வந்தார். வலி அடங்கும்வரை உறவு வேண்டாம் என்று இருவரும் சேர்ந்தே முடிவெடுத்தார்கள். அன்றுதான் அந்தப் பெண்ணின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். வலி குறையப் பல மாதங்கள் ஆயின. மாதவிடாய் நாட்களில் இன்னும் சற்றுத் தலைகாட்டுகிறது.

மருத்துவரிடம் போகும்போது வலி எப்போது கூடுகிறது என்று ஒரு மாதக் குறிப்பு எழுதி எடுத்துச் செல்லுங்கள்: மாதவிடாய், சிறுநீர், மலம், உட்காருவது, உறவு. ஆறாத புண், மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் குறிப்பெழுதக் காத்திருக்காமல் உடனே போங்கள். பரிசோதனையின்போது வலித்தால் "நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள். நிறுத்த வேண்டியது எங்கள் கடமை.