பெயர் வருகிறது, வினை வரவில்லை

"அப்பாவுக்குப் பொருள்களின் பெயரெல்லாம் தெரிகிறது, கதைக்கத்தான் பஞ்சிப்படுகிறார்" என்ற முறைப்பாட்டை, வெள்ளவத்தையில் உள்ள என் பேச்சுச் சிகிச்சை அறையில் இந்தக் கிழமையும் கேட்டேன். கொட்டாஞ்சேனையில் துணிக்கடை நடத்திய அந்தத் தந்தைக்குப் பாரிசவாதம் வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. மகன் சொல்லி முடித்ததும் அவர் "மகன்... கடை... சாவி..." என்று நிறுத்தி, இடது கையால் மேசையைத் தட்டினார். "சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது அப்பா" என்றார் மகன். அவர் மீண்டும் தட்டினார். கொடுத்துவிட்டீர்களா, கொடுக்கச் சொல்கிறீர்களா, கொடுக்க வேண்டாம் என்கிறீர்களா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டபோது, மூன்றாவது கேள்விக்குத் தலையை வேகமாக ஆட்டி ஆமோதித்தார். சாவியை எவரிடமும் கொடுக்க வேண்டாம் என்பதைத்தான் அவர் நாள்கணக்காகச் சொல்ல முயன்றிருக்கிறார்.

இது பஞ்சியும் அல்ல, பிடிவாதமும் அல்ல, மறதியும் அல்ல. சாவி யாருடையது, அதனால் என்ன நேரலாம் என்பதெல்லாம் அவர் மனத்தில் தெளிவாக இருக்கின்றன. 1861 இல் பாரிஸில் மருத்துவர் போல் புரோக்கா பரிசோதித்த நோயாளியும் "டான்" என்ற ஒலியைத் தவிர வேறெதையும் பெரும்பாலும் சொல்ல இயலாதவராக இருந்தார். ஆனாலும் பிறர் சொன்னவற்றில் பெரும்பகுதியை விளங்கிக்கொண்டார். ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும், பேச்சு நின்றால் புத்தியும் நின்றுவிட்டது என்று வீட்டார் முடிவுகட்டுவது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

மூளைப் பாதிப்பால் மொழித்திறன் குலையும் நிலையான அஃபேசியாவின் இந்த வகையில் பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்களே கடினமாகின்றன. தமிழில் யார், எப்போது, செய்தாரா இல்லையா என்ற அத்தனையையும் வாக்கியத்தின் முடிவில் நிற்கும் வினையே சுமப்பதால், அது வராதபோது மற்றச் சொற்கள் தொடர்பின்றி நிற்கின்றன. 'தூங்கு' என்பதற்கு ஒருவர் போதும். 'கொடு' என்பதற்குக் கொடுப்பவர், பெறுபவர், பொருள் ஆகிய மூன்றையும் உரிய வேற்றுமை உருபுகளோடு கோக்க வேண்டியிருப்பதால் அது மேலும் கடினம். எங்கள் துறையிலும் பெயர்ப் படங்களை மட்டும் காட்டிவிட்டு 'முன்னேற்றம்' என்று எழுதுவோர் உள்ளனர். வினைகளைச் சோதிக்காத அறிக்கையை நான் நம்புவதில்லை.

ஆகவே கரண்டியைத் தூக்கிக் காட்டி "இது என்ன?" என்று கேட்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அறுபது வயதுக்காரருக்குக் குழந்தைகளின் அரிச்சுவடியை வாங்கிக் கொடுக்காதீர்கள். எழுதும் திறனும் பெரும்பாலும் பாதிக்கப்பட்டிருக்கும் என்பதால், பேனாவைத் திணித்து எழுதச் சொல்வதும் பயன் தராது. ஒரே மூச்சில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறிமாறிக் கேட்பது கொழும்பு வீடுகளில் வழக்கம். அறிந்த மொழிகள் அனைத்தும் ஏதோவோர் அளவில் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால், அவருக்கு இலகுவான ஒரு மொழியில் நிதானமாகக் கேளுங்கள். கேட்டபின் பொறுத்திருங்கள், வாக்கியத்தை நீங்களே முடித்து வைக்காதீர்கள்.

அவர் வாழ்ந்த வாழ்க்கையின் வினைகளிலிருந்து தொடங்குங்கள். 'அள' என்ற ஒரு வினையை எடுத்துக்கொண்டு, யார் அளப்பார், எதை அளப்பார், எங்கே அளப்பார் என்று கேட்டால், வினையைச் சுற்றி வாக்கியம் மெல்ல உருவாகும். மாதங்கள் கடந்த பின்னும் இவ்வாறான பயிற்சியால் பலர் முன்னேறுகிறார்கள்.

அடுத்த கிழமை வரும்போது அரிச்சுவடியை வீட்டில் வைத்துவிட்டு, துணி அளக்கும் கோலையும் இரண்டு மீற்றர் சீலையையும் கொண்டுவரும்படி அந்த மகனிடம் சொல்லியிருக்கிறேன்.